மயில்சாமி சாரின் ஒரு பொய்

எங்கள் பள்ளியில் ஆண் ஆசிரியர்களும் காதில் கம்மல் போட்டிருப்பார்கள். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள். போகப்போக எனக்குக் கோபம் வந்துவிடும்.

நிர்வாகம் அதற்கு வைத்த பெயர் இணைச்செவி. கம்மல் என்பது நாங்கள் வைத்த பெயர். மிளகு அளவுதான் இருக்கும், காது மடலில் ஒட்டிக்கொள்ளும். வகுப்பு மணி அடித்ததும் பேச ஆரம்பிக்கும். அது சொல்லச் சொல்ல அதே வாக்கியத்தை நாங்கள் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே புன்னகைக்க வேண்டும் என்பதைக்கூட அதுவே சொல்லிவிடும். அது சொன்னதும் நாங்கள் சொன்னதும் எவ்வளவு பொருந்துகிறது என்று மாதக் கடைசியில் ஓர் எண் வரும். அதற்குப் பெயர் ஒப்பு. ஒப்பு குறைந்தால் பிரின்சிபால் ஹேமலதா மேடம் கூப்பிட்டு அனுப்புவார். மூன்றாம் முறை கூப்பிட்டு அனுப்பினால் அதற்குப் பிறகு நீங்கள் பள்ளிக்கு வர வேண்டியதில்லை.

நான் பரிமளா. தாராபுரம் சீர்மைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தினேன். நடத்தினேன் என்று சொல்வதே பொய்தான், ஒப்பித்தேன். சீர்மைக் குழுமத்துக்கு மாநிலம் முழுக்க நானூறு பள்ளிகள். நானூறு பள்ளிகளிலும் ஒரே நாளில், ஒரே வேளையில், ஒரே செய்யுளுக்கு ஒரே விளக்கம். என் வகுப்பில் ஒரு பிள்ளை குறுக்கே கேள்வி கேட்டால் "நல்ல கேள்வி, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லும்படி கம்மலில் வரும். அந்தப் பிறகு வந்ததே இல்லை.

கம்மல் வந்த புதிதில், தலைமை அலுவலகத்திலிருந்து பயிற்சி கொடுக்க வந்த நிவேதனிடம் கேட்டேன். "ஏன் தம்பி, பேசாம ஒரு திரையை மாட்டிப் பாடத்தை ஓட்டிரலாமே. எங்களை எதுக்கு நிக்க வெச்சுக் கஷ்டப்படுத்தறீங்க?"

அவன் சிரித்த முகம் மாறாமல் சொன்னான். "அது ட்ரை பண்ணிட்டோம் மேம். பேரன்ட்ஸுக்குத் திரை பிடிக்கலை. மனுஷ முகம் வேணும்னுட்டாங்க. அதனால முகம் உங்களோடது, பாடம் எங்களோடது."

இருபது வருடம் பாடம் நடத்தியவளிடம், உன் முகத்துக்குத்தான் இங்கே வேலை என்று என் மகன் வயதுப் பையன் சொல்கிறான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் வீட்டுக் கடன் ஞாபகம் வந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு வருடம் போனது. டீச்சர்கள் எல்லாம் பொம்மை மாதிரி நிற்கிறார்கள் என்று பெற்றோர்கள் மறுபடி குறை சொன்னார்கள். பொம்மையாக்கியவர்கள் உடனே அதற்கும் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். பெயர் படைப்பூக்கத் திட்டம். வாசலில் பெரிய பதாகை கட்டினார்கள்: 'ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு தனிக்குரல்.' வாரத்துக்கு ஒரு வகுப்பில் கம்மல் பேசாது. எங்கள் இஷ்டப்படி பாடம் நடத்தலாம். "உங்க தனித்தன்மை வெளிய வரட்டும்" என்றான் நிவேதன்.

கம்மல் பேசாதே தவிர, கேட்டுக்கொண்டிருக்கும். பெஞ்சுக்கு ஒரு கேமரா பிள்ளைகளின் கண்களையும் பார்த்துக்கொண்டிருக்கும். எந்த வகுப்பில் பிள்ளைகளின் கவனம் அதிகமோ அந்தப் பாடத்தை எடுத்து, அடுத்த மாதம் நானூறு பள்ளிகளின் கம்மலிலும் போட்டுவிடுவார்கள். அதாவது உங்கள் தனிக்குரலை நானூறு வாயில் போட்டு மெல்ல வைப்பார்கள். அதை நீங்களே மறுபடி நடத்தினாலும், நீங்கள் முதலில் சொன்ன வார்த்தையிலிருந்து ஒரு வார்த்தை மாறக் கூடாது. மாறினால் உங்களுக்கே ஒப்பு குறையும். உங்களைப் போலவே நீங்கள் இல்லை என்று ஓர் இயந்திரம் உங்களுக்கு மார்க் போடும். இதற்குத்தான் கை தட்டச் சொன்னார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்து வைக்கக் கூடாது என்று சட்டம். அதனால் வகுப்பில் பிள்ளைகள் பேசுவதைக் கம்மல் வடிகட்டி எறிந்துவிடும். ஆசிரியரின் குரல் மட்டும்தான் மிஞ்சும்.

கணக்கு வாத்தியார் மயில்சாமி என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தொந்தியும் சிரிப்புமாக இருப்பார், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கம்மல் வருவதற்கு முன்பு அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் நிஜம் போலவே ஒரு பொய் சொல்வார். எங்கே சொல்வார், எப்போது சொல்வார் என்று தெரியாது. பிள்ளைகள் அதைப் பிடிக்க வேண்டும். பிடித்த பிள்ளை வந்து அவருடைய நாற்காலியில் உட்காரும், சாக்பீஸ் அதன் கைக்குப் போகும். அவர் அந்தப் பிள்ளையின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு மணி அடிக்கிற வரை வாயைத் திறக்க மாட்டார். மிச்சப் பாடம் அந்தப் பிள்ளைதான் எடுக்கும். யாரும் பிடிக்கவில்லை என்றால் பொய்யைப் பலகையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். பிள்ளைகள் இரவெல்லாம் அதை நினைத்துக்கொண்டு மறுநாள் வருவார்கள். அந்த வகுப்புக்கு அவர்கள் வைத்த பெயர் பொய் வகுப்பு. கணக்குக்குப் பயப்படாத பிள்ளைகளை நான் அங்கேதான் பார்த்தேன்.

வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைத்ததும் மனிதர் மறுபடி பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒரு நாள் அதற்கு அடுத்த வகுப்பு எனக்கு. கொஞ்சம் முன்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

"மதுரைக்கு நூத்தியிருவது கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம். போகையில மணிக்கு நாப்பது கிலோமீட்டர் வேகம். திரும்பி வரையில மணிக்கு அறுவது. ரெண்டையும் கூட்டுனா நூறு. ரெண்டால வகுத்தா அம்பது. ஆக, போய்ட்டு வந்த சராசரி வேகம் மணிக்கு அம்பது. சரிதானுங்களே?"

எனக்குச் சரியாகத்தான் பட்டது. அவர் பேசாமல் நின்றார். சாக்பீஸை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது பெஞ்சில் ஒரு கை மேலே போனது. ஹாஜிரா, சைக்கிள் கடை காதர் பாயின் மகள்.

"சார், தப்பு சார்."

அவர் எப்படி என்பதுபோல் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

"போறதுக்கு மூணு மணி நேரம் ஆகுதுங் சார். வர்றதுக்கு ரெண்டு மணி நேரம்தான். மெதுவாப் போன நேரம்தான ஜாஸ்தி? மொத்தம் எரநூத்தி நாப்பது கிலோமீட்டர், அஞ்சு மணி நேரம். வகுத்தா நாப்பத்தெட்டுங் சார்."

"சபாஷ் கண்ணு! வந்து உக்காரு."

ஹாஜிரா ஓடிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். தொந்தியை எக்கிக்கொண்டு மயில்சாமி சார் மூன்றாவது பெஞ்சுக்குள் நுழைந்தார். வகுப்பே சிரித்தது. பிறகு அந்தப் பெண் எழுந்து பலகையில் எழுத ஆரம்பித்தாள், பிள்ளைகள் இமை கொட்டாமல் பார்த்தார்கள். தமிழ் டீச்சரான எனக்கே அன்றைக்குத்தான் சராசரி வேகம் புரிந்தது.

அந்த வகுப்பின் கவனம் மாநிலத்திலேயே முதலிடம் என்று வந்தது. மயில்சாமி சாருக்குப் படைப்பூக்க ஆசிரியர் விருது அறிவித்தார்கள். பாடம் நானூறு பள்ளிகளின் கம்மலுக்கும் போனது. என்ன போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கேள்வி கேட்டது அவர் குரல், அம்பது என்றது அவர் குரல், சபாஷ் என்றது அவர் குரல். நாப்பத்தெட்டு என்றது பிள்ளையின் குரல், அதை வடிகட்டி எறிந்தாயிற்று. அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

அது நடந்தபோது ஓய்வறையில் நான் அவர் பக்கத்தில்தான் இருந்தேன். பொள்ளாச்சிக் கிளையிலிருந்து ரங்கநாயகி டீச்சர் போன் செய்தார். அவரும் கணக்குதான், மயில்சாமி சாரோடு படித்தவர்.

"ஏனுங் மயில்சாமி, அம்பதுன்னு சொன்ன கையோட 'சபாஷ் கண்ணு வந்து உக்காரு'ன்னு வருதுங்களே, நான் யாரை உக்காரச் சொல்றது? முன் பெஞ்சுப் பையனைக் கூப்பிட்டு உக்கார வெச்சேன். எதுக்குன்னு அவனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

மயில்சாமி சாரின் முகம் வெளுத்துவிட்டது. "அம்பது தப்புங் ரங்கநாயகி. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க. என்னை ஏற்கெனவே ரெண்டு தடவை கூப்பிட்டாச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

நானூறு பள்ளியில் எத்தனை கணக்கு வாத்தியார்கள் இருப்பார்கள்? அத்தனை பேருக்கும் தெரியும், அத்தனை பேரும் அம்பது என்று சொன்னார்கள். அவர்கள் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கோபம் வந்தது.

நிவேதன் அடுத்த மாதம் பள்ளிக்கு வந்தபோது மயில்சாமி சார் அவனைப் பார்க்கப் போனார், நானும் கூடப் போனேன். அவர் மெதுவாக எடுத்துச் சொன்னார், படம் போட்டும் காட்டினார். நிவேதனுக்குப் புரிந்தது. முட்டாள் என்றால் மன்னித்திருப்பேன், அவன் முட்டாள் இல்லை.

"சார், திருத்தினா கவனம் குறையுது. டெஸ்ட் பண்ணிப் பாத்தோம்" என்றான். "தேர்வுக் கேள்வியும் விடையும் பாடத்திலிருந்து தானாவே உருவாகுது. அம்பதுன்னுதான் போயிருக்கு. தேர்வும் முடிஞ்சாச்சு. ஆயிரக்கணக்கான பசங்க அம்பதுன்னு எழுதி மார்க் வாங்கிட்டாங்க. நாப்பத்தெட்டுன்னு எழுதினது உங்க ஒரு வகுப்புதான்."

"அப்ப என் பிள்ளைக மட்டும் தப்புங்களா?"

"தப்புன்னு சொல்லலை சார். பொருந்தலைன்னு சொல்றேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, நீங்க கணக்குப் படிச்சிருக்கீங்கதான? உங்களுக்கே தெரியுது. தெரிஞ்சுக்கிட்டே எப்படி இப்படி உக்காந்திருக்கீங்க?"

"மேம், எனக்கும் ஒப்பு இருக்கு" என்றான் அவன். அவன் காதிலும் ஒரு கம்மல் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அந்தத் தேர்வை வைத்துத்தான் ஒன்பதாம் வகுப்பில் யாருக்கு உயர்கணக்கு, யாருக்கு வெறும் கூட்டல் கழித்தல் என்று பிரிப்பார்கள். மயில்சாமி சாரின் வகுப்பில் பாதிப் பேர் கீழே இறங்கியிருந்தார்கள். ஹாஜிராவும் ஒருத்தி. பெற்றோர்கள் பள்ளியில் வந்து கத்தினார்கள். காதர் பாய் கத்தவில்லை. கையில் ஒட்டியிருந்த கிரீஸைக் கர்சீப்பில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"நாப்பத்தெட்டு சரியா, அம்பது சரியான்னு எனக்குத் தெரியாதுங்க மயில்சாமி சார். எம்புள்ள கணக்குப் படிக்கோணும்னு ஆசப்படுது. எதை எழுதுனா படிக்க உடுவாங்களோ அதை எழுதச் சொல்லுங்க சார்."

மயில்சாமி சார் கிரீஸ் படிந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

நிர்வாகம் பெரிய மனது பண்ணி மறுதேர்வு வைத்தது. அதே கேள்வி, அதே விடை. பொய் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் எழுத வேண்டும். மேற்பார்வைக்கு என்னைப் போட்டார்கள். ஹாஜிரா அந்தக் கேள்விக்கு வந்ததும் யோசிக்காமல் 48 என்று எழுதியதைப் பார்த்தேன். எழுதிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. அப்பாவை நினைத்திருப்பாள், ஒன்பதாம் வகுப்பை நினைத்திருப்பாள். ரப்பரை எடுத்து அழித்தாள். காகிதம் கிழிந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்குத் தேய்த்து அழித்தாள். பிறகு அதே இடத்தில் 50 என்று எழுதினாள். அந்த அறை முழுக்க ரப்பர் தேய்க்கும் சத்தம். என் கண் முன்னால் ஒரு வகுப்பே தனக்குத் தெரிந்ததை அழித்துக்கொண்டிருந்தது, நான் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் தேறினார்கள். ஹேமலதா மேடம் இனிப்பு கொடுத்தார். "பரிமளா, எனக்கும் மேல ஆள் இருக்காங்க. பிள்ளைங்க பாஸாயிட்டாங்கல்ல, உடுங்க" என்றார். நான் இனிப்பைத் தொடவில்லை.

அடுத்தது ஆசிரியர் தினம். விருது விழாவை எங்கள் பள்ளியில் வைத்தார்கள். 'ஒரே பாடம், நானூறு பள்ளி' என்று நிவேதன் திட்டம் போட்டிருந்தான். மயில்சாமி சார் எங்கள் அரங்கில் தன் வகுப்புக்கு அதே பாடத்தை நடத்துவார். அவர் பேசப்பேச நானூறு பள்ளிகளிலும் கம்மலில் கேட்கும், அங்கிருக்கும் ஆசிரியர்கள் அதே நொடியில் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்.

"எழுதிக் கொடுத்ததைத் தாண்டி சார் வேற ஏதாவது பேசினா, அவர் குரலை நிறுத்திட்டுப் பழைய பதிவை சிஸ்டமே போட்டுடும்" என்றான் நிவேதன். "தமிழ் மேம், நீங்கதான் தொகுப்பாளர். ஆரம்பத்துல வரவேற்பு, கடைசியில நன்றி. உங்களுக்கு எழுதிக் கொடுக்கலை. கவித்துவமா நீங்களே பேசிடுங்க. உங்க கம்மலைத் திறந்தே வைக்கிறோம், நானூறு பள்ளிக்கும் கேக்கும்."

எந்த ஊர்ப் பள்ளியானாலும் மைக்கைத் தமிழ் டீச்சர் கையில்தான் திணிப்பார்கள். அவள் என்ன பேசினாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை என்ற நம்பிக்கைதான்.

மயில்சாமி சார் சம்மதித்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "போகாதீங்க சார். உங்க பொய்யை உங்க வாயாலயே மறுபடி சொல்லச் சொல்றாங்க" என்றேன்.

"பிள்ளைக பிடிச்சிருமுங் டீச்சர்" என்றார்.

"பிடிச்சாலும் அவங்க குரல் வெளிய போகாதே."

"போகாதுங். ஆனா பிடிச்சதும் நான் எந்திரிச்சுப் போய் பெஞ்சுல உக்காந்துக்குவேன். வாயே தொறக்க மாட்டேன். வேற பேச்சுப் பேசினாத்தான் பழைய பதிவு வருமாமா, சும்மா இருந்தா வராதுங்களாம். விசாரிச்சு வெச்சிருக்கறேன். நானூறு பள்ளிக்கூடத்துலயும் கம்மல் சும்மா இருக்கும். சித்த நேரம் சும்மா இருந்தாப் போதுமுங். அங்க இருக்கற பிள்ளைக யோசிக்கும்."

"நீங்களே தப்புன்னு சொல்லிரலாமே?"

"முதல் வார்த்தையிலயே நிறுத்திப்போடுவாங்க. அதும் போக, நானே சொல்றதுன்னா அப்புறம் பிள்ளைக எதுக்குங் டீச்சர்?"

அவர் சிரித்தார். மறுதேர்வில் நான் கேட்ட சத்தத்தை அவர் கேட்டிருக்கவில்லை. சொல்ல வாயெடுத்தேன், அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை.

விழா நாளில் மேடையில் பலகை, நாற்காலி, பூ ஜாடி. கீழே முன்னால் பெஞ்சுகளில் அவருடைய வகுப்பு. நான் மேடை ஓரத்தில் நின்று இரண்டு வரி வரவேற்புச் சொன்னேன். சொல்லும்போது வேடிக்கையாக ஒன்று தோன்றியது. இந்த நிமிடம் நானூறு வகுப்பறைகளில் நானூறு பேர் 'தாராபுரத்துக்கு உங்களை வரவேற்கிறேன்' என்று தங்கள் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மயில்சாமி சார் ஆரம்பித்தார். நூற்றிருபது கிலோமீட்டர், நாற்பது, அறுபது, கூட்டினால் நூறு, வகுத்தால் அம்பது. ஒரு வார்த்தை மாறவில்லை. "ஆக, போய்ட்டு வந்த சராசரி வேகம் மணிக்கு அம்பது. சரிதானுங்களே?"

பேசாமல் நின்றார். சாக்பீஸை உள்ளங்கையில் உருட்டினார்.

ஒரு கையும் மேலே போகவில்லை.

அவர் முதல் பெஞ்சைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். பிள்ளைகள் நேராக உட்கார்ந்திருந்தார்கள், மறுதேர்வில் தேறிய நல்ல பிள்ளைகள். ஹாஜிரா குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மயில்சாமி சார் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றார், ஆனால் அவர் கை உருட்டுவதை நிறுத்திவிட்டது. அடுத்த வரியைச் சொல்லும்படி ஹேமலதா மேடம் கண்ணைக் காட்டினார். நிவேதன் ஓரத்திலிருந்து கையை ஆட்டினான். தன் பிள்ளைகளை என்ன செய்துவிட்டார்கள் என்று அந்த மனிதருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

எனக்குப் பிள்ளைகள் மேல் கோபமில்லை. அந்தப் பூ ஜாடியின் மேல், பதாகையின் மேல், நிவேதன் மேல், வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்கள் எல்லார் மேலும் இருந்த கோபம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தது. பிள்ளையைப் போலக் கையைத் தூக்கினேன்.

"சார், நீங்க சொன்னது தப்பு."

என் கம்மல் திறந்திருந்தது. என் குரல் பிள்ளையின் குரல் இல்லை, அதை எந்த வடிகட்டியும் எறியாது. நானூறு வகுப்பறைகளில் நானூறு ஆசிரியர்கள் அந்த நொடியில் தங்கள் பிள்ளைகளைப் பார்த்து "சார், நீங்க சொன்னது தப்பு" என்று சொன்னார்கள்.

மயில்சாமி சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. எழுதிக் கொடுத்த அடுத்த வரியை, ஓர் எழுத்து மாறாமல், உரக்கச் சொன்னார்.

"சபாஷ் கண்ணு! வந்து உக்காரு."

சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய் ஹாஜிராவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் நாற்காலிக்குப் போய் வாயைத் திறப்பதற்குள் நிவேதன் என் கம்மலை நிறுத்திவிட்டான். மயில்சாமி சாரை அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் எழுதிக் கொடுத்ததைத்தான் பேசியிருந்தார், இப்போது பேசாமல் இருந்தார். நானூறு பள்ளிகளிலும் கம்மல் சும்மா இருந்தது.

நான் எங்கள் அரங்கில் பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். நாற்பத்தெட்டு என்று எழுதி அடிக்கோடிட்டேன். எந்தப் பிள்ளையும் நிமிரவில்லை. ஹாஜிரா அழுதுகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் ரங்கநாயகி டீச்சர் எனக்குப் போன் செய்தார். "நீங்க சொன்னது தப்பு, சபாஷ் கண்ணுன்னு சொல்லிப்போட்டு நிக்கறனுங்க, கம்மல்ல சத்தத்தையே காணோம். பிள்ளைக எல்லாம் ஒட்டுக்கா 'எது தப்புங் மிஸ்?'னு கேக்குதுக. என்ன பண்றது? நானே சாக்பீஸை எடுத்துச் சொல்லிக் குடுத்தேனுங்க. எத்தன நாளாச்சுங், என் வாயால ஒரு கணக்குச் சொல்லி" என்றார்.

அவர் போன் வரும்போது எனக்கு வேலை போயிருந்தது. மயில்சாமி சாரைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஏசி அறையில் உட்கார்ந்து வாரத்துக்கு ஒரு பொய் தயாரித்துக் கொடுக்க வேண்டுமாம், வகுப்புக்குப் போக வேண்டாமாம். "பிடிக்கறதுக்குப் பிள்ளைக இல்லாத எடத்துல பொய் சொன்னா அதுக்குப் பேரு வேறைங்க" என்று சொல்லிவிட்டு அவரும் வந்துவிட்டார். விருதை அங்கேயே வைத்துவிட்டு வந்தார்.

அடுத்த மாதம் நிவேதன் கூப்பிட்டான். நான் எடுத்திருக்கக் கூடாது.

"மேம், வாழ்த்துக்கள்! அன்னிக்கு நீங்க பேசின இடத்துல நானூறு பள்ளியிலும் கவனம் உச்சத்துக்குப் போயிருக்கு. இதுவரைக்கும் வராத அளவு. சிஸ்டம் அதைத் தேர்ந்தெடுத்திருக்கு. இனிமே எல்லாப் பாடத்திலும் வாரம் ஒரு தடவை அது வரும். 'நீங்க சொன்னது தப்பு', அப்புறம் கொஞ்ச நேரம் மௌனம். மௌனம்தான் ரொம்ப நல்லா வேலை செய்யுது மேம். அடுத்த படைப்பூக்க ஆசிரியர் விருது உங்களுக்குத்தான்."

"என்னை வேலையை விட்டு அனுப்பிட்டீங்க, தெரியுமா?"

"அது வேற டிபார்ட்மென்ட் மேம்."

அவனைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. தமிழில் இத்தனை வார்த்தை எனக்குத் தெரியும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. போனை வைத்த பிறகும் ஆறவில்லை. என் கோபத்தைக்கூடப் பிடுங்கிப் பாடமாக்கிவிட்டார்கள். இனி நானூறு பேர் வாரம் தவறாமல் என் கோபத்தை ஒப்பிப்பார்கள்.

சில நாள் கழித்து ஹாஜிரா அப்பாவின் போனிலிருந்து பேசினாள்.

"மிஸ், உங்களுக்குப் பதிலா வந்த மிஸ்தான் புவியியலும் எடுக்கறாங்க. இன்னிக்கு நடுவுல அவங்களே 'நீங்க சொன்னது தப்பு'ன்னு சொல்லிட்டு முழிச்சுக்கிட்டு நின்னாங்க. கம்மல் பேசலையாம்."

"எதைத் தப்புன்னாங்க?"

"அதுதானுங் மிஸ் யாருக்கும் தெரியல. அவங்களுக்கும் தெரியல. ஆனா தப்புன்னு சொல்லிட்டாங்கல்ல? அதனால எல்லாரும் தேடினோம். புஸ்தகத்துல தேடினோம், பலகையில தேடினோம். கடைசியில ஒண்ணு கிடைச்சிருச்சுங் மிஸ். அமராவதி ஆத்துல வருஷம் பூரா தண்ணி ஓடும்னு பாடத்துல இருந்துச்சு. சித்திரையில ஆத்துக்குள்ளதான நாங்க கிரிக்கெட் ஆடுவோம்? நாந்தான் எந்திரிச்சுச் சொன்னேன்."

அவள் குரலைக் கம்மல் வடிகட்டி எறிந்திருக்கும். அவள் சொன்னது எங்கும் பதிவாகியிருக்காது, எந்தப் பள்ளிக்கும் போயிருக்காது, யாரும் அதைத் திருடி யார் வாயிலும் போட முடியாது.

"அந்த மிஸ் என்ன சொன்னாங்க?"

"ஜன்னல் பக்கம் போய் ஆத்தைப் பாத்தாங்க. அப்புறம் கம்மலைக் கழட்டி மேஜையில வெச்சுட்டு, 'வேற என்னெல்லாம் தப்பு?'ன்னு கேட்டாங்க. மணி அடிக்கிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தோம்."

"தேர்வுல வந்தா என்ன பண்ணுவே?"

"சாயங்காலமே வந்துச்சுங் மிஸ், சின்ன டெஸ்ட்டு. தண்ணி ஓடாதுன்னு எழுதினேன். சைபர் போட்டுட்டாங்க. ரப்பரைக் கையில எடுத்தேனுங் மிஸ். அழிக்கல."